சென்சாரின்மேல் விழுந்த பழி

மோட்டார் வண்டியின் எஞ்சினை ஆளுகின்ற கம்ப்யூட்டருக்கு உஷ்ணம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வோல்ட் ஒன்றுதான். வெளியே வெயில் கொளுத்தினாலும், மார்கழிப் பனி பெய்தாலும், ரேடியேட்டரில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும், அந்த அலுமினியப் பெட்டிக்குள் வந்து சேருவது பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட ஒரு மின்னழுத்தம் மாத்திரமே. அந்த எண்ணைத் தன்னிடம் எழுதிவைக்கப்பட்டிருக்கும் ஓர் அட்டவணையோடு ஒத்துப்பார்த்து, 'கூலண்ட் இப்போது இத்தனை டிகிரி இருக்கவேண்டும்' என்று அது ஊகித்துக்கொள்கிறது. எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது, ஐடிலிங்கை எங்கே நிறுத்துவது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது சுற்றவிடுவது என்கிற சகல காரியங்களிலும் இந்த ஊகத்துக்குப் பங்கு உண்டு. இவ்வளவு பெரிய பொறுப்பு இரண்டு மெல்லிய ஒயர்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறவர்கள்தாம், செக் எஞ்சின் விளக்கு எரிந்தவுடன் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கி மாட்டுகிறார்கள். விளக்கு மறுபடியும் எரிகிறபோது, 'டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான்' என்று கடைக்காரரை வைகிறார்கள்.

என் மைத்துனரின் காருக்கு நேர்ந்தது இதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். காலையில் ஒரே சாவியில் உயிர்பெற்றுவிடும்; ஆனால் கடைவீதியில் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால், செல்ஃப் மோட்டார் நெடுநேரம் புலம்பிய பிறகே எஞ்சின் மனமிரங்கும். புகைக்குழாயில் பெட்ரோல் நெடி, கறுத்த ஸ்பார்க் பிளக்குகள், வரவரத் தேய்ந்துகொண்டே போன மைலேஜ், இவற்றோடு சில நாட்களில் வேகத்தடையைத் தாண்டியதும் திடீரென்று ஃபேன் பேரிரைச்சலோடு சுற்ற ஆரம்பித்துச் செக் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கிவிடும். ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பி 0118 என்று கோடு வந்திருப்பதாகச் சொல்லிச் சென்சாரை மாற்றினார்கள். சில வாரம் கழித்து வேறொரு பட்டறையில் அதே கோடு, அதே வைத்தியம். மைத்துனர் சாது, இரண்டு இடத்திலும் மறுபேச்சுப் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து மாத்திரம் குறைப்பட்டுக்கொண்டார்.

மதுரையில் எனக்கு நெடுங்காலமாகப் பழக்கமான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். டைனமோ காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். இப்போது கையில் செல்போனும், அதிலே புளூடூத் வழியாகப் பேசுகிற ஒரு சிறு ஸ்கேனருமாகத் திரிகிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அன்று அவர் செய்த பரீட்சைகளையும், அவற்றின் காரண காரியங்களையும் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், அவசரமுள்ளவர்கள் மன்னிக்கவேண்டும்.

முதலில் அந்தச் சென்சாரின் சுபாவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பித்தளை உடலுக்குள் அடங்கியிருக்கும் அந்தச் சிறு பொருளுக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். செம்பு முதலிய உலோகங்கள் சூடேறச் சூடேற மின்சாரத்துக்கு அதிகமாகத் தடை செய்கின்றன. இதுவோ நேர்விரோதமாக, சூடு ஏறினால் தடையைத் தளர்த்திவிடுகிறது. வெள்ளி சல்ஃபைடில் இந்த விபரீத குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் வருஷத்திலேயே கண்டு குறித்துவைத்தார். நம் நாட்டில் ஓடுகிற பல கார்களில் இருக்கும் சென்சார், 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓமும், 40 டிகிரியில் 1,200 ஓமும், 80 டிகிரியில் 320 ஓமும், கொதிநிலையில் 190 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது வேறுபடுமாதலால், சொந்த வண்டியின் சர்வீஸ் மானுவலைப் பார்ப்பதே சரி. கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள 5 வோல்ட்டை, தனக்குள்ளேயே இருக்கும் ஒரு நிலையான தடையின் வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்பி, மற்றொரு ஒயர் வழியாக எர்த்துக்குத் திருப்பிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சிக்னல் ஒயரில் வோல்ட் அதிகமாகத் தங்கும், சூடேறினால் குறையும்.

இனி அந்தக் கோடு. பி 0115 முதல் பி 0119 வரையுள்ள ஐந்தும் இந்தச் சர்க்யூட்டைப் பற்றியவை. பொதுவான கோளாறு என்பது முதலாவது. நம்பத்தகாத அளவு என்பது இரண்டாவது. வோல்ட் மிகவும் தாழ்ந்துவிட்டது, மிகவும் உயர்ந்துவிட்டது, விட்டுவிட்டு வருகிறது என்பன மற்ற மூன்று. மைத்துனரின் வண்டிக்கு வந்த பி 0118, வோல்ட் மிகவும் உயர்ந்துவிட்டது என்பதைச் சொல்வது, அவ்வளவுதான். ஒயர் அறுந்தாலும் வோல்ட் உயரும், சாக்கெட் கழன்றாலும் உயரும், சென்சாருக்குள்ளே முறிந்தாலும் உயரும். மூன்றில் எது என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை. சொல்ல அதற்குச் சக்தியும் இல்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துக்கொண்டு சென்சாரின்மேல் பழியைப் போட்டது பட்டறைக்காரர்களின் சாமர்த்தியம்.

ஸ்கேனரில் ஒயர் அறுந்த நிலை எப்படித் தெரியும் என்றால், உஷ்ணம் மைனஸ் 40 என்று காட்டும். கூலண்ட் உஷ்ணத்தைத் தெரிவிப்பதற்குச் சர்வதேச விதியில் ஒதுக்கியிருப்பது பூஜ்யம் முதல் 255 வரை எண்ணக்கூடிய ஒரே ஒரு பைட். அந்த எண்ணில் 40-ஐக் கழித்தால் வருவதே டிகிரி. ஆகையால் மைனஸ் 40-க்குக் கீழே சொல்வதற்கு அந்த வழியில் இடமே கிடையாது. அந்தப் புள்ளியில் சென்டிகிரேடும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பது பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். மதுரையில், சித்திரை மாதத்தில், ரேடியேட்டர் மைனஸ் 40-இல் இருக்கிறது என்று ஒரு கருவி சொன்னால் அது பொய் என்பதைக் குழந்தையும் அறியும். கம்ப்யூட்டரும் அறிந்து, பயந்து, ஏதோ ஒரு சராசரி உஷ்ணத்தைத் தானே வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் முழுவேகத்தில் சுற்றவிடுகிறது. வேகத்தடையில் கேட்ட பேரிரைச்சலுக்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் அன்று கவனித்தது இந்த மைனஸ் 40-ஐ அல்ல. எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் மீட்டரைக் காட்டினார். பளபளக்கும் அலுமினியத்தின்மேல் நேராகக் காட்டினால் அந்த மீட்டர் குறைத்துச் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் 86 என்று வந்தது. ஸ்கேனரிலோ 58. விளக்கும் எரியவில்லை, புதிதாகக் கோடும் ஏறவில்லை. மைனஸ் 40 எவரும் நம்பாத பொய். 58 என்பது எவரும் நம்பிவிடக்கூடிய பொய். பெட்ரோலைத் தின்றதும், பிளக்கைக் கறுக்கவைத்ததும், சூடான எஞ்சினை மறுபடி கிளப்பமுடியாமல் மூழ்கடித்ததும் இந்த இரண்டாவது பொய்தான்.

இதில் இன்னும் ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. அந்த வண்டியில் டாஷ்போர்டு முள்ளும், ஃபேனும், எஞ்சினும் ஒரே சென்சாரின் சொல்லைக் கேட்பவை. எஞ்சின் 58-ஐத் தாண்டவில்லை என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும்வரை ஃபேன் சுற்றாது. உண்மையில் கொதித்தாலும் முள் பாதிக்குக் கீழேயே சாந்தமாகப் படுத்திருக்கும். அப்படியானால் வண்டி ஏன் வழியில் கொதித்து நிற்கவில்லை? மைத்துனர் ஏ.சி. போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார், ஏ.சி. ஓடுகிறபோது கூலண்டின் உஷ்ணத்தைப் பாராமல் ஃபேனும் ஓடும். அவருடைய சுகவாசம் எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது.

உஷ்ணம் குறைவாகக் காட்டுகிறதென்றால் நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்கவேண்டியது வேறொன்று என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மாஸ்டாட் எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடும் வழக்கம் பல பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. அதைக் கழற்றினால் எஞ்சின் நெடுஞ்சாலையில் உண்மையாகவே குளிர்ந்து போகும்; சென்சார் உண்மையைச் சொல்லும்; பி 0128 என்ற வேறு கோடு வரும்; பெட்ரோல் அதேபோல வீணாகும். சுடுகிற நாட்டில் எஞ்சினுக்கு வேண்டிய உஷ்ணம் வேறு, குளிர்கிற நாட்டில் வேண்டியது வேறு என்று எந்த எஞ்சினும் வகுத்துக்கொள்வதில்லை. அதுபோலவே, கூலண்ட் குறைந்தோ, மாற்றும்போது காற்றை வெளியேற்றாமல் விட்டோ, சென்சாரின் முனை திரவத்தில் முழுகாமல் வெறுங்காற்றில் நின்றாலும் கணக்குத் தப்பும். முதலாவது இல்லை என்பதை இன்ஃப்ராரெட் மீட்டரே காட்டிவிட்டபடியாலும், ரிசர்வாயரில் கூலண்ட் அளவாக இருந்தபடியாலும், அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நான் விவரிக்கவேண்டியதில்லை.

அடுத்து அவர் எஞ்சினை நிறுத்தி, சாக்கெட்டைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். 270 ஓமை ஒட்டி வந்தது. 86 டிகிரியில் இருக்கவேண்டிய தடை அதுவே. ஆகவே சென்சார் நிரபராதி என்பது ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. பிறகு சாவியைத் திருப்பி, கழற்றிய சாக்கெட்டின் சிக்னல் ஒயரில் அளந்தார்: 5 வோல்ட் அப்படியே நின்றது. 'அப்படியானால் ஒயரும் நன்றாகத்தானே இருக்கிறது?' என்று மைத்துனர் கேட்டார். பலரும் ஏமாறும் இடம் இது. குழாயின் நடுவே பாதி அடைத்திருந்தாலும், திருகை மூடிவைத்திருக்கும்வரை திருகின் பின்னால் தண்ணீரின் அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் நூலாக ஒழுகும். மல்டிமீட்டர் மிகமிக அற்பமான மின்சாரத்தையே தனக்கென இழுத்துக்கொள்வதால், பச்சை பிடித்த ஒயரின் வழியாகவும் அதில் 5 வோல்ட் தெரிந்துவிடும். ஒயரின் யோக்கியதையை அறியவேண்டுமானால் அதிலே மின்சாரம் ஓடவேண்டும்.

அதற்காக அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, சாக்கெட்டின் இரண்டு ஓட்டைகளையும் ஒன்றாக இணைத்தார். சென்சாரின் இடத்தில் தடையே இல்லாத ஒயர் உட்கார்ந்துவிட்டபடியால், ஸ்கேனர் 130-க்கு மேல், உச்சபட்ச உஷ்ணத்தைக் காட்டவேண்டும். காட்டியது 76. அண்ணன் புருவத்தை உயர்த்தினார், ஒன்றும் பேசவில்லை. பிறகு அதே துண்டு ஒயரின் ஒரு முனையைச் சிக்னல் ஒயரிலேயே விட்டுவிட்டு, மறுமுனையை எர்த் ஓட்டையிலிருந்து எடுத்து பேட்டரியின் நெகட்டிவில் தொட்டார். எண் ஒரே தாவலில் உச்சிக்குப் போயிற்று. சிக்னல் ஒயர் நல்லது, கம்ப்யூட்டர் நல்லது, அட்டவணை நல்லது. எர்த்துக்குத் திரும்பிப் போகிற ஒயரில்தான் நோய்.

"சென்சாரும் பொய் சொல்லல, கம்ப்யூட்டரும் பொய் சொல்லல சார். கரண்டு திரும்பிப் போற வழியில எங்கயோ உக்காந்து உக்காந்து போகுது," என்றார்.

நிச்சயப்படுத்திக்கொள்வதற்காகச் சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சாக்கெட்டின் பின்புறமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து, எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தார். நூறில் சில பங்கு வோல்ட் இருந்தால் மன்னிக்கலாம், இங்கே 0.65 வோல்ட் இருந்தது. சென்சாரின் இரு முனைகளுக்கிடையே 0.47 வோல்ட்தான். அதாவது, உஷ்ணத்தை அளக்கவேண்டிய சென்சாரைக் காட்டிலும் அந்தக் கெட்டுப்போன ஒயரே அதிக வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு 1.12 வோல்ட்டாகத் தெரிந்தன. அது தன் அட்டவணைப்படி 58 என்று மொழிபெயர்த்துக்கொண்டது. ஊசியைப் பின்புறமாக நுழைத்ததற்கும் காரணம் உண்டு. மீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டின் வாய்க்குள் திணிக்கிறவர்கள், உள்ளேயிருக்கும் தகட்டை அகலமாக்கிவிட்டு, இல்லாத லூஸ் கனெக்‌ஷனைத் தாங்களே உண்டாக்கிவிட்டுப் போகிறார்கள். ஒயரின் தோலைக் குத்திப் பார்ப்பது அதனினும் மோசம். குத்தின ஓட்டை வழியாக ஈரம் நுழைந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் செம்பைத் தின்றுவிடும்.

இவ்வளவு பெரிய கோளாறு, முதல் பட்டறைக்காரர்கள் செய்திருந்த காலைநேரத்துப் பரீட்சையில் எப்படித் தப்பியது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பரீட்சை உண்மையில் நல்ல பரீட்சை: இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்புவதற்குமுன், கூலண்டின் உஷ்ணமும் உள்ளே இழுக்கும் காற்றின் உஷ்ணமும் சமமாகவே இருக்கவேண்டும். அவர்கள் பார்த்தபோது காற்று 25, கூலண்ட் 21 என்று வந்ததாம். நாலு டிகிரி வித்தியாசத்தை யார் பொருட்படுத்துவார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். ஒயரில் ஒட்டிக்கொண்டிருந்த அதிகப்படித் தடை சுமார் 370 ஓம். குளிர்ந்த சென்சாரின் தடை 2,000 ஓமுக்கு மேல்; அதனோடு 370 சேர்ந்தால் ஏதோ சற்றுக் குளிர்ந்தாற்போல் தோன்றுமே தவிர, வேறொன்றும் ஆகாது. சூடான சென்சாரின் தடையோ 270. அதனோடு அதே 370 சேர்ந்தால் எண் இரட்டிப்பையும் தாண்டிவிடுகிறது. கோளாறு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அளவில் இருந்தும், காலையில் யோக்கியனாகவும் நண்பகலில் அயோக்கியனாகவும் காட்சியளித்த மர்மம் இதுதான். குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டுத் திருப்தியடையாமல், சூடான நிலையிலும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நான் யாரைக் கண்டாலும் சொல்வது இதனால்தான்.

எர்த் ஒயரில் என்று தெரிந்தாயிற்று. அந்த ஒயரில் எங்கே? இங்கேதான் அண்ணனின் புத்திக் கூர்மையை நான் மெச்சினேன். அந்த வண்டியின் வயரிங் படத்தின்படி, கூலண்ட் சென்சாரும், உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணத்தை அளக்கும் சென்சாரும், த்ராட்டில் சென்சாரும் ஆகிய மூன்றின் எர்த் ஒயர்களும் ஓரிடத்தில் கூடி, அங்கிருந்து ஒரே எர்த் ஒயராகக் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. கூடுகிற இடத்துக்கு அப்பால் கோளாறு இருந்தால் மூன்றும் சேர்ந்தே தப்பாகப் பேசும். மற்ற இரண்டும் ஸ்கேனரில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. ஆகவே, சாக்கெட்டிலிருந்து அந்தச் சந்திப்பு வரையுள்ள ஏறக்குறைய இரண்டு முழ ஒயருக்குள் குற்றவாளி அடங்கிவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஸ்கேனரை மைத்துனரின் கையில் கொடுத்து எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் ஹார்னஸை விரல்களால் மெல்ல அசைத்துக்கொண்டே போனார். பேட்டரித் தட்டுக்குக் கீழே கை போன க்ஷணத்தில், "மைனஸ் நாப்பது! மைனஸ் நாப்பது!" என்று மைத்துனர் கூவினார், ஃபேனும் அலறத் தொடங்கியது.

டேப்பைப் பிரித்தபோது எல்லாம் வெளியாயிற்று. எந்தக் காலத்திலோ, எந்த விபத்துக்குப் பிறகோ, யாரோ ஒருவர் அறுந்த ஒயரை முறுக்கி, சால்டர் வைக்காமல், சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். மேலேயிருந்த பேட்டரியின் அமிலப் புகை வருஷக்கணக்காகக் கசிந்து, செம்பு முழுவதும் பச்சைத் தூளாகிவிட்டிருந்தது. ஒன்றிரண்டு இழைகளே மிச்சம். அவையும் வண்டி குலுங்கும்போது விட்டுவிட்டுச் சேர்ந்தன.

செப்பனிட்ட விதம் சாமானியமானது. பளபளக்கும் செம்பு தெரிகிறவரை இருபுறமும் வெட்டி, நடுவே புதிய ஒயர்த் துண்டைச் சால்டர் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடுகாட்டி இறுக்கி, ஹார்னஸைப் பேட்டரித் தட்டிலிருந்து விலக்கிக் கட்டினார். பிறகு மறுபடி அளந்தபோது எர்த் ஒயரில் 0.02 வோல்ட், இரண்டு ஓட்டைகளையும் இணைத்தால் உச்ச உஷ்ணம், எஞ்சின் சூடேறியதும் ஸ்கேனரும் இன்ஃப்ராரெட் மீட்டரும் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்குள். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஐடிலிங்கில் நிறுத்தி, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்றும் காத்திருந்து பார்த்தோம். உரிய காலத்தில் சுற்றி, உரிய காலத்தில் நின்றது. அவர் கேட்ட கூலி ஒரு சென்சாரின் விலையைவிடக் குறைவு. மைத்துனர் கூச்சத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்.

நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் இரண்டாம் கட்ட ஓபிடி என்கிற கோளாறு கண்டறியும் ஏற்பாடு கட்டாயமாகிவிட்டபடியால், ஸ்கேனரைச் செருகுகிற வாய் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். மலிவான ஒரு அடாப்டரும் செல்போனும் இருந்தால் நீங்களே எண்களைப் பார்க்கலாம். சர்வீஸ் மானுவலில் அந்தச் சென்சாரின் தடை அட்டவணையைத் தேடி ஒரு காகிதத்தில் எழுதி க்ளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் முள்ளுக்கென்று ஒற்றை ஒயரோடு தனிச் சென்சார் இருக்கும், அதற்கு எர்த் கிடைப்பது மரையின் வழியாகவே. ஆகையால் கசிவுக்குப் பயந்து அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டு, முள் ஏறவில்லையே என்று வருந்தாதீர்கள்.

மைத்துனர் மாற்றிக் கழித்த பழைய சென்சார்கள் இரண்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அடுப்பில் தண்ணீர் வைத்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்தேன். 40-இலும் 80-இலும் அட்டவணையில் உள்ளபடியே அளவு தருகின்றன. அதே மாடல் கார் வைத்திருக்கிறவர்கள் யாருக்காவது உண்மையாகவே சென்சார் கெட்டுப்போயிருந்தால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஆனால் ஒயரை அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.